பொங்குகிற மலைத்தேன்

பெண் பார்க்கப் போகிற அன்று ஆண்களுக்கு மூளை வேலை செய்யாது. எனக்கு முதல் நாளே நின்றுவிட்டது.

காரணம், அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் மாமா மகன் பிரபு. 'ஆம்பர் ஏல்' என்றொரு பீரை என் கையில் திணித்தான். ஒரே ஒரு பாட்டில்! வீட்டில் யாரும் பார்க்கக் கூடாதென்று லேபிளைக்கூடக் கிழித்திருந்தான்.

"மச்சான், மோந்து பாரு, அப்புறம் நாக்குல உருட்டு. இன்னா இன்னா ருசி தெரிதுன்னு சொல்லணும்."

பீரை மோர் மாதிரி கவிழ்த்தே பழகியவன் நான் (வீட்டில் தெரியாது). விமர்சகனாகப் பதவி உயர்வு! இரவெல்லாம் தூக்கமே இல்லை. பெண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ருசி பார்ப்பதாகத் திட்டம்.

பெண் வீடு சின்னசேலத்தில். அவள் அப்பா, குடிக்கிறவன் நிழல்கூட வாசலில் விழக் கூடாது என்கிற ரகம். அவருக்கென்று கல்வராயன் மலைத்தேன் வாங்கியிருந்தேன். எங்கள் பக்கம் மலைத்தேன் காலி பீர் பாட்டிலில்தான் வரும், யாரும் தப்பாக நினைப்பதில்லை. இரண்டு பாட்டிலையும் பேப்பரில் சுற்றி ஒரே பையில் வைத்த மேதை நானேதான்.

வளர்மதியைப் பார்த்தேன். பார்த்ததுமே பிடித்துவிட்டது, இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்கிற அளவுக்கு. அந்தச் சந்தோஷத்தில் பைக்குள் கைவிட்டு, அகப்பட்டதை அவள் அப்பாவிடம் நீட்டினேன்.

"மலைத்தேனுங்க."

அவர் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று நுரை வழிந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"இன்னா தம்பி, தேன் பொங்கிக்கினு வருது?"

காபித் தட்டோடு நின்ற வளர்மதி பாட்டிலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"புதுத் தேன் அப்படித்தாம்ப்பா பொங்கும்."

அவர் உள்ளங்கையில் ஊற்றி நக்கிக் கண்ணை மூடினார். "வெல்லப்பாகு தீஞ்ச வாசம்... வறுத்த சோளம்... ஆரஞ்சுத் தோலு... கடைசில கடுக்கா கசப்பு. ஆனா தண்ணி ஜாஸ்தி. கலப்படம் தம்பி! ஏமாத்திட்டானுங்க!"

என்ன கலந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க டம்ளரில் ஊற்றினார். முழு பாட்டிலும் ஆராய்ச்சிக்கே போனது. முடிவில் முகமெல்லாம் சிரிப்பாக, "நல்ல நாள் பாத்துடலாங்க" என்று என் அம்மாவிடம் சொன்னார். எழுந்து குதிக்கலாம் போலிருந்தது எனக்கு.

சாயங்காலம் பிரபு, "ருசி எப்டிடா?" என்று கேட்டான். மாமனார் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். "பெரிய ரசிகன்டா நீ!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான்.

இப்போதும் ஒவ்வொரு பொங்கலுக்கும் சுத்தமான தேனாகத் தேடி வாங்கிப் போகிறேன். மாமனார் ஒரு சொட்டு நக்கிப் பார்த்து ஓரமாக வைத்துவிடுவார்.

"மாப்ள, அந்தக் கலப்படக்காரன் இன்னும் யாவாரம் பண்றானா?"

வளர்மதி சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரிப்பாள்.