சர்க்கரை டப்பா உடன்படிக்கை

"உலக மக்களின் பாதுகாப்பையும் அப்பாவின் சிறுநீரகத்தையும் கருத்தில் கொண்டு, இவ்வீட்டுச் சர்க்கரை டப்பா இன்று முதல் சர்வதேசக் கண்காணிப்பின் கீழ் கொண்டுவரப்படுகிறது!"

சமையலறையில் இப்படி அறிவித்துவிட்டு, டப்பாவுக்குக் கம்பி சுற்றி முத்திரை குத்தினார் அணுசக்தி ஆய்வாளர். நாடு நாடாகப் போய், மின்சாரத்துக்கென்று வாங்கிய யுரேனியத்தை எவனாவது குண்டுக்காகப் பதுக்குகிறானா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். போன வாரம் எங்கோ ஓர் அணு உலைக்கு நடுவில் நின்றபோது அப்பா போன் செய்தார்.

"டேய், எனக்குச் சர்க்கரையாம். மருந்து வேண்டாமாம், வாயைக் கட்டினா போதுமாம்."

அம்மாவைக் கொண்டுபோன வியாதி அது. ஆய்வாளர் அடுத்த விமானத்தில் வந்து இறங்கிவிட்டார்.

"ஏங்க, எனக்குக் காப்பி போடணுமே?" என்றாள் மனைவி.

"முத்திரையை என் முன்னாலதான் பிரிக்கணும்."

"நீங்க வெளிய போயிருந்தா?"

"கசப்பாக் குடி. உலக அமைதின்னா சும்மாவா?"

மறுநாள் அப்பாவின் தலையணைக்கடியில் சாக்லேட் இருந்தது. அறையில் கேமரா மாட்டினார் ஆய்வாளர். அப்பா அதன்மேல் பனியனைக் காயப்போட்டார்.

"இது ஒப்பந்த மீறல்ப்பா!"

"என் ரூம் என் ராஜ்யம்டா. இறையாண்மைன்னு கேள்விப்பட்டிருக்கியா?"

"அப்போ திடீர் சோதனைதான். தினம் காலைல, சாயங்காலம்."

"வாயேன். யார் வேண்டாம்னா?"

முதல் சோதனையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் மிட்டாய் அகப்பட்டது. அடுத்ததில் ரேடியோவின் பேட்டரிக் குழியில். பிறகு செருப்புக்குள். தடை இறுக இறுகக் கையிருப்பு பெருகியது, வல்லரசுகளே தோற்றுவிடும். ஆய்வாளர் தொப்பை தரையில் தேயக் கட்டிலுக்கடியில் ஊர்ந்தார். மேலே அப்பா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏண்டா இளைச்சுட்டே? அங்கெல்லாம் சாப்பாடு சரியில்லையா?"

"சோதனை நேரத்துல பேச்சு கூடாதுப்பா."

"சரி சரி. அலமாரி மேல்தட்டை விட்டுட்டியே. நிதானமாப் பாரு, என்ன அவசரம்?"

மேல்தட்டில் மிட்டாய் இல்லை, அம்மாவின் பழைய புகைப்படங்கள் இருந்தன. அன்றைய சோதனை சாப்பாட்டு நேரம் தாண்டியும் நீண்டது.

இதற்கிடையில் தலைமையகம் அடுத்த பயணத்துக்குக் கூப்பிட்டது. "நிலைமை கைமீறிவிட்டது, நகர இயலாது" என்று பதில் அனுப்பினார். எந்த நாட்டில் கைமீறியது என்று அங்கே அவசரக் கூட்டம் போட்டார்களாம்.

கடைசியில், மாதாமாதம் அப்பாவின் உடம்பைப் பார்த்துவிட்டுப் போகும் நர்ஸை முன்கூட்டியே வரவழைத்தார். அவள் விரலில் குத்தி, கருவியைப் பார்த்து, "நார்மல்" என்றாள்.

"நான் போட்ட தடை வேலை செய்யுது பார்த்தியா!"

"எந்தத் தடை? அவருக்குச் சர்க்கரையே கிடையாதே சார்."

மனைவி சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பா ஜன்னல் வழியாக வானத்தை ஆராய்ந்தார்.

"இருக்கறதை இல்லைன்னு மறைக்கிறவனைத்தான் இத்தனை வருஷமாப் பார்த்திருக்கேன்," என்று முனகினார் ஆய்வாளர். "அப்போ இந்த மிட்டாயெல்லாம்?"

நர்ஸ் பையை மூடினாள்.

"இனிப்புன்னாலே அவருக்குப் பிடிக்காது சார். நீங்க ஊர்ல இல்லாதப்போ இந்த ரூம்ல ஒரு மிட்டாய்கூட இருக்காது."