ஒழுகாத பம்பை வேலையிலிருந்து நீக்குவது குறித்து

எம்.கே.பி. நகர்,
வியாசர்பாடி, சென்னை.
11.9.2004

மதிப்புக்குரிய மச்சான் செங்குட்டுவனுக்கு, உன் அக்காவின் கணவன் லட்சுமணன் எழுதுவது. ஜெய்பீம்.

நாக்பூரில் நீயும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று எழுதுவதுதான் முறை. ஆனால் அது குறித்துப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதால் இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

விஷயம் காரைப் பற்றியது. ரயில்வே உன்னை அந்த ஊருக்கு மாற்றியபோது உன் எண்ணூறு சிசி வெள்ளைக் காரை என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாய். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. நீயும் மறக்க விட்டதில்லை. நான் வேலையை விட்டு நின்ற பிறகு, நின்ற என்பது பேச்சுக்கு, நிறுத்தப்பட்ட பிறகு, இந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் காரால்தான். உன் அக்கா ரமாபாய் கருக்கலில் எழுந்து சமைக்கிறாள். மகன் வல்லரசு கேரியர்களைக் காரில் அடுக்கிக்கொண்டு ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டிய கிளியரிங் ஏஜெண்ட் ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிறான். நான் வீட்டிலிருந்து நாட்டு நடப்பைக் கவனித்துக்கொள்கிறேன். இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் பேசின் பிரிட்ஜ் மெக்கானிக் கலீலுல்லா பாய் வண்டியைப் பார்த்து, டைமிங் பெல்ட் மாற்றும் காலம் வந்துவிட்டது என்றார். நான் ஆட்சேபிக்கவில்லை. பெல்ட் ரப்பர். ரப்பருக்கு ஆயுள் உண்டு. அது அறுந்தால் எஞ்சின் போகிற வழியில் நின்றுவிடும். பிட்டராக வேலை பார்த்தவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் எஞ்சினின் முன்பக்கத்தை அவிழ்த்தார். அவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "அப்டியே வாட்டர் பம்பையும் மாத்திடலாம் நைனா. உன் மச்சானும் போன் பண்ணி அதான் சொன்னாரு" என்றார்.

அந்த 'அப்படியே'யில்தான் ஆரம்பித்தது. "பாய், பம்ப் ஒழுகுதா?" என்றேன். "இல்ல." "சத்தம் கீதா?" "இல்ல." "எஞ்சின் சூடாவுதா?" "அதெல்லாம் ஒண்ணியும் இல்ல நைனா." "அப்புறம் எதுக்கு அதைத் தூக்கணும்?" என்றேன். பாய் பொறுமையாகத்தான் சொன்னார். "இப்ப பெல்ட்டுக்கோசரம் முன்பக்கம் பூரா அவுத்துகீறேன். நாளைக்கு பம்ப் ஒழுகுச்சுன்னா, மறுபடியும் இதே மாரி பூரா அவுக்கணும். ஒழுகுற தண்ணி புது பெல்ட் மேல பட்டா அதுவும் காலி. இப்பவே மாத்திட்டா ஒரே வேலையில முடிஞ்சிரும். அதுக்கும் வயசாயிடுச்சில்ல நைனா." எனக்கும்தான் வயசாகிவிட்டது என்றேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு டீக்குச் சொன்னார்.

மச்சான், இந்த வாதத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். திருவொற்றியூரில் எங்கள் கம்பெனி வார்ப்படப் பிரிவை மூடியபோது, டை கட்டிய ஆலோசகர் ஒருவர் வரைபடத்தை மேஜையில் விரித்து, வார்ப்படத்துக்கு அடுத்த சுவரில்தான் மெயிண்டனன்ஸ் இருக்கிறது, சுவரை எப்படியும் இடிக்கிறோம், அப்படியே அதையும் எடுத்துவிடலாம், செலவு ஒன்றுதான் என்றார். அந்த மெயிண்டனன்ஸில்தான் நான் இருந்தேன். என் மேல் ஒரு மெமோ கிடையாது, தாமதம் கிடையாது. நானும் ஒழுகவில்லை. விருப்ப ஓய்வு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். யாருடைய விருப்பம் என்று சங்கத் துணைச் செயலாளர் என்ற முறையில் எழுத்துமூலம் கேட்டேன். பதிலுக்கு ஒரு சூட்கேஸ் கொடுத்தார்கள். எங்கே போகச் சொல்கிறார்கள் என்று அதிலும் எழுதியில்லை. ஆகவே, பக்கத்தில் இருப்பவனை எடுக்கிறோம் என்ற ஒரே காரணத்துக்காக ஒழுங்காக வேலை செய்பவனை எடுப்பதை, அது பம்பாக இருந்தாலும், என் பெயரில் உள்ள வண்டியில் நான் அனுமதிக்க மாட்டேன்.

ஆனாலும் நான் ஒருதலைப்பட்சமாக நடந்துகொள்ளவில்லை. இரு தரப்பையும் கேட்பதுதான் இயற்கை நீதி. ஷெட்டிலேயே ஒரு ஆயில் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து உள்விசாரணை நடத்தினேன். பம்பின் புல்லியைக் கையால் சுற்றினேன், சுற்றியது. ஆட்டிப் பார்த்தேன்; ஆடவில்லை. உள்ளே சீல் போனால் தண்ணீர் கசிவதற்கென்று அதன் வயிற்றில் ஒரு சின்னத் துளை உண்டு. விரலை வைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. குற்றம் சாட்டியவர் தரப்பில் பாய், "வயசு" என்ற ஒன்றைத் தவிர வேறு சாட்சியம் எதையும் வைக்கவில்லை. பம்ப் தன் தரப்பில் மௌனம் காத்தது. அதுவே ஒரு பம்ப் கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த வாக்குமூலம். நிரபராதி என்று தீர்ப்பளித்தேன். "அப்ப பெல்ட் மட்டும் போட்டு மூடிடட்டுமா?" என்று பாய் கேட்டார். மூடுங்கள் என்றேன். அந்த நேரம் பார்த்து உன் அக்கா ஷெட்டுக்குள் வந்தாள்.

"மூடாத பாய்," என்றாள். "ரெண்டும் மாத்தாம வண்டிய மூடுனா, நான் அந்த வண்டில ஒரு கேரியர் ஏத்த மாட்டேன்." வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று நினைவுபடுத்தினேன். "உன் பேர்லதான் கீது. அதான் உன் வாயால நீயே சொல்லணும்னு கீறேன்" என்றாள். பாய் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். குடும்பம் ஒரு முடிவுக்கு வரும்வரை ஸ்பானரைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேறு வண்டியின் அடியில் படுத்துக்கொண்டார். நம் கார் முகம் திறந்த நிலையில் ஷெட்டின் நடுவில் நிற்கிறது. பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தவனை மறந்துவிட்டு டாக்டர் வெளியே போனது போல இருக்கிறது.

இதன் பிறகு நடந்ததை நான் வர்ணிக்க விரும்பவில்லை; பதிவு மட்டும் செய்கிறேன். உன் அக்கா என்னிடமே வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு என்னுடைய சங்கத் தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். எங்கள் பிளாக் மாடிப்படியின் கீழே வாயிற்கூட்டம் போட்டாள். கோரிக்கை ஒன்றே ஒன்று. அது நிறைவேறும்வரை வாடிக்கைக்காரர்களுக்குச் சமையல் உண்டு, நிர்வாகத்துக்குக் கிடையாது என்று அறிவித்தாள். நிர்வாகம் யார் என்று சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்நாள் முழுக்க மேஜையின் இந்தப் பக்கம் உட்கார்ந்தவனை ஒரே சாயந்திரத்தில் அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள், மச்சான். வல்லரசு கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தட்டினான். பெற்ற மகனைக் கருங்காலி என்று சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் போராடுகிறவன் அவன். அன்று ராத்திரி பசி தாங்காமல் நானே ஸ்டவ்வைப் பற்றவைத்து இரண்டு முட்டை வேகவைத்தேன். வேலைநிறுத்தம் நடக்கும்போது அடுப்பில் வேலை செய்தவனுக்கு எங்கள் சங்கத்தில் என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை.

கார் இல்லாமல் சாப்பாடு எப்படிப் போனது என்று கேட்பாய். மீன் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் போனது. சுரங்கப்பாதையில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்ததால் சுற்றிக்கொண்டு போய், லாரி வரிசையில் மாட்டி, ஒரு பள்ளத்தில் இறங்கியதில் ரசம் எல்லாம் மோரில் கலந்து, மோர் எல்லாம் வல்லரசு மேல் கலந்து, போய்ச் சேர்ந்தபோது ஆபீஸில் பாதிப் பேர் வெளியே பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நம்முடைய பெரிய வாடிக்கைக்காரர் தங்கப்பாண்டி அண்ணாச்சி, தூத்துக்குடிக்காரர், கேரியரைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "ஏலே தம்பி, இன்னைக்கு வெள்ளிக்கிழமைலா? நான் கவுச்சி தொட மாட்டேம்லா? கத்திரிக்காக் கூட்டுல வஞ்சிர மீன் வாடை அடிக்கு!" என்றாராம். வண்டியின் வாடை என்று வல்லரசு விளக்கியிருக்கிறான். "வண்டிய நானா திங்கப்போறேன்? திங்கக்கிழமை கார்ல சாப்பாடு வந்தா வாங்குவேன். இல்லைன்னா வேற ஆளு பாத்துக்கிடுதேன். உங்க அம்மா கைப்பக்குவத்துக்காவத்தான் இம்புட்டுப் பொறுத்தேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் நிறுத்தினால் அந்தக் கட்டிடமே நிறுத்தும். உன் அக்கா இதைக் கேட்டுவிட்டுக் கேரியர்களைக் கழுவினாள். வழக்கத்தைவிட நிதானமாகக் கழுவினாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன். ஒரு வரியும் ஏறவில்லை.

ஆனாலும் என் நிலையில் மாற்றமில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். இன்று வளைந்தால் நாளைக்கு ரேடியேட்டர் என்பார்கள், அப்படியே ஹோஸ் என்பார்கள், அப்படியே கார்புரேட்டர் என்பார்கள். 'அப்படியே' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தொழிற்சாலையையே வீட்டுக்கு அனுப்பலாம். அனுப்பியிருக்கிறார்கள், நான் பார்த்தேன். அந்தப் பம்ப் ஒழுகட்டும். ஒழுகிய அன்றைக்கு நானே மெமோ கொடுத்து, விளக்கம் கேட்டு, முறைப்படி இறக்குகிறேன். எஞ்சின் முன்பக்கத்தை மறுபடி அவிழ்க்க வேண்டி வந்தால் என் கையாலேயே அவிழ்க்கிறேன். அதுவரை ஒரு போல்ட்டைத் தொட யாருக்கும் அதிகாரம் கிடையாது. நீ பாய்க்குப் போன் செய்து ரெண்டையும் மாற்று என்று சொன்னது வெளியாள் தலையீடு. அதை வன்மையாகக் கண்டிக்கிறேன். முட்டை அலுத்துவிட்டது. ஆனாலும் அஞ்ச மாட்டேன்.

பிள்ளைகளைப் படிப்பில் கவனம் வைக்கச் சொல். உன் மனைவிக்கு என் அன்பு. உன் அக்கா உனக்கு ஏதும் சொல்லி அனுப்பவில்லை. நிர்வாகத்தின் மூலமாகச் செய்தி அனுப்புவதில்லை என்று முடிவாம். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் மதித்து, எல்லாவற்றையும் உரிய விசாரணைக்குப் பிறகே மாற்றி, நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
எதற்கும் பணியாத,
லட்சுமணன்

பி.கு.: மேலே உள்ளதைக் கிழித்திருப்பேன். வாதம் சரியாக இருப்பதால் மனம் வரவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஷெட்டில் பம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் அக்கா வந்து ஆயில் டின்னில் பாதி இடம் ஒதுக்கச் சொல்லி உட்கார்ந்தாள். அண்ணாச்சியைப் பற்றிப் பேசவில்லை, கேரியரைப் பற்றிப் பேசவில்லை. "ந்தா, உன்ன வெளிய அனுப்புனது நான் இல்லய்யா" என்றாள். இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. "பாய், ரெண்டையும் மாத்துங்க" என்று என் வாயால் சொன்னேன். இறக்கிய பம்பை வாங்கிச் சுற்றிப் பார்த்தேன். சத்தமே இல்லை. "இன்னும் ரெண்டு வருசம் தாங்கும் நைனா" என்று பாயே ஒத்துக்கொண்டார். இதை நீ குறித்துக்கொள்ள வேண்டும். அதைத் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். காசிமேட்டில் மீனும் ஐஸும் வியாபாரம் செய்யும் இருதயம்மாள் என்ற அம்மா, பம்ப் உடைந்த தன் மீன் வேனைக் கட்டி இழுத்துக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்தார். வேனிலும் இதே எண்ணூறு சிசி எஞ்சின். புது பம்புக்கு ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. "இன்னா பெரியவரே, கொழந்தையா அது? குடு இப்டி, மீன் வீணாவுது" என்றார். பணி நிபந்தனைகள் என்ன என்று கேட்டேன். "வண்டி ஓடணும். வேற இன்னா?" என்றார். கொடுத்தேன். பாய் மாட்டினார். வேன் கிளம்பியது. பம்புக்கு ஒரு வேளைகூட வேலை போகவில்லை, மச்சான். எனக்குத்தான் வருஷங்கள் போயிருந்தன. போகிறபோது அந்த அம்மா தலையை வெளியே நீட்டி, "ஒரு பம்புக்கே இம்மாம் சீராட்டுறியே, என் ஐஸ் ஒடைக்கிற மிசின் மாசத்துக்கு நாலு தபா மக்கர் பண்ணுது. அப்டியே நீயும் வந்துடேன்" என்றார். சான்றிதழ் கேட்கவில்லை, விசாரணை இல்லை, பம்போடு சேர்த்து அப்படியே என்னையும் எடுத்துக்கொண்டார். இது நான் மேலே எழுதிய ஒவ்வொரு வரிக்கும் விரோதமான நடைமுறை. நாளைக் காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட். ஐஸ் உடைக்கும் இடத்தில் ஏழெட்டுப் பேர் வேலை செய்கிறார்களாம், சங்கம் இல்லையாம். முதல் ஒரு வாரம் வாயைத் திறக்க மாட்டேன் என்று உன் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.