கத்தரிக்கோலை நுக்மானிடம் கொடுத்துவிடாதீர்கள்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அஸிம்கான் அவர்களின் சமூகத்துக்கு, கிசிலோர்தாவிலிருந்து ஒராஸ்கலி ஆயிரம் ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் வீட்டில் மனிதரும் மந்தையும் சுகமா? இங்கே நானும் என் மனைவி கன்ஷாயிமும் சுகம். மந்தை கிடையாது, ஆட்டுக் கொட்டகையில் என் பழைய வண்டிதான் நிற்கிறது. அதற்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நான்கு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஆகவே ஷிம்கென்ட் பஸ் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சென்ற ஞாயிறு, நடை பழகத் தொடங்கிய பேரன் ஸன்ஜாரின் காலில் கயிறு கட்டி அறுக்கும் விருந்துக்கு நான் மூன்று மணி நேரம் தாமதமாக வந்ததைப் பற்றித்தான் கடிதம். கயிற்றை அறுக்கிறவர் எப்படியோ அப்படியே பிள்ளையும் நடக்கும் என்பதால், இரண்டு மாகாணத்திலும் என்னைவிட வேகமான ஆள் கிடையாது என்று நீங்களே கத்தரிக்கோலை எனக்கு என்று ஒதுக்கினீர்கள். அந்தப் பெருமையில் நான் மூன்று வாரம் தரையில் நடக்கவில்லை. கடைசியில் குழந்தை காலில் கயிற்றோடு தூங்கிப்போய், விருந்தாளிகள் கலைந்து, "அடுத்த ஞாயித்துக்கிழமை வச்சுக்கலாம், நம்ம நுக்மானே அறுக்கட்டும்" என்று நீங்கள் வாசலில் சொன்னது என் காதில் விழுந்தது. நுக்மான்! உங்கள் சித்தப்பா மகன், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், தங்கமான மனிதர், எல்லாம் சரி. ஆனால் அவர் வண்டியில் முள் நாற்பதைத் தாண்டியதே இல்லை. கழுதை வண்டி அவரை முந்தியதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். அவர் அறுத்தால் ஸன்ஜார் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்வதற்குள் மணி அடித்து எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

தப்பு என் மேல் இல்லை. யார் மேல் என்று சொல்ல நாக்கு கூசுகிறது, ஏனென்றால் அவர் உங்கள் மகன். மாப்பிள்ளை தாயிர் போன மாதம் ஒரு புது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "மாமா, அந்தப் பழைய பிசாசுல இனிமே ஹைவேக்குப் போகாதீங்க. இது தானே பிரேக் போடும், தானே கோட்டுக்குள்ள ஓடும், உங்க கண்ணைக்கூட கேமரா வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கும்" என்றார். என் கண்ணைப் பார்க்க எனக்குப் பெண்டாட்டி இருக்கிறாள் என்றேன். "நான் ரோட்டைப் பாக்கறதா, உங்க கண்ணைப் பாக்கறதா? வாங்கிக்குங்க" என்று அவளே கையெழுத்துப் போட வைத்துவிட்டாள்.

வண்டி என்றால் என்ன என்று நான் நாற்பது வருஷமாகச் சொல்லி வருகிறேன். ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, கையால் மாற்றுகிற கியர். மூன்றாவது கியரில் ஐயாயிரம் சுற்று தாண்டினால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், பக்கத்தில் இருப்பவர் வாயில் கலிமா வர வேண்டும். அது வண்டி. புது வண்டியில் குதிரைத்திறன் இன்னும் அதிகம்தான், இல்லையென்று சொல்லவில்லை. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை ஐந்தே விநாடியில் தொடுகிறது. தொட்டு என்ன செய்ய? தூரத்தில் ஒட்டகம் தலையை அசைத்தால் பயந்து நின்றுவிடுகிறது. முன்னால் போகிற லாரிக்கு மரியாதையாக இடைவெளி விடுகிறது, அந்த இடைவெளியில் ஊரிலுள்ள வண்டியெல்லாம் நுழைகிறது, ஒவ்வொன்றுக்கும் இது இன்னும் கொஞ்சம் பின்வாங்குகிறது, நான் ஷிம்கென்டுக்குப் போகிறேனா கிசிலோர்தாவுக்கே திரும்பிக்கொண்டிருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டையெல்லாம் அணைத்துவைத்தால், அடுத்த முறை கிளப்பும்போது அதற்கு மறுபடி உயிர் வந்துவிடுகிறது.

ஒரே ஒரு நன்மை இருக்கிறது என்று நினைத்தேன், அங்கேதான் ஏமாந்தேன். வழியில் கபர்ஸ்தான் வந்தால் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் ஏந்தி ஓதி, முகத்தைத் தடவிக்கொள்கிறோமில்லையா? பழைய வண்டியில் நூற்றறுபதில் போகும்போது பாதியை விழுங்கித்தான் ஓத முடியும். இதுதான் தானே ஓடுகிறதே, இன்றைக்காவது முன்னோருக்கு நிதானமாக ஓதுவோம் என்று முதல் கபர்ஸ்தானில் கண்ணை மூடினேன். ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லி வந்தேன். நாலாவது பாட்டனாரில் கீச்கீச் என்றது. ஐந்தாவது பாட்டனாரில் சீட்டு அதிர்ந்தது. நான் முகத்தைத் தடவுவதற்குள் வண்டி ஓரமாக நின்று, நாலு விளக்கையும் சிமிட்டி, "ஓட்டுநர் உறங்கிவிட்டார்" என்று திரையில் எழுதி என் மானத்தை வாங்கிவிட்டது.

கபர்ஸ்தான் ஓரம் விளக்கு சிமிட்டிக்கொண்டு ஒரு வண்டி நின்றால் நம்ம ஆளுங்க சும்மா போவார்களா? முதலில் ஒரு முலாம்பழ லாரி நின்றது.

"யாரு அண்ணே தவறிட்டாங்க?"

"யாரும் இல்லப்பா. வண்டிதான் தானா நின்னுடுச்சு."

"துக்கத்துல என்ன பேசறோம்னே அவருக்குத் தெரியல, பாவம்" என்று கிளீனரிடம் சொல்லிவிட்டு அந்த ஆள் மண்டியிட்டு ஓத உட்கார்ந்தார். அவரைப் பார்த்து ஒரு பஸ் நின்றது. முப்பது பேர் இறங்கினார்கள். ஒரு கிழவி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஓதினவங்களை வெறுங்கையோட அனுப்பறதா? நாளைக்கு யாராவது கேப்பாங்க" என்று கன்ஷாயிம் உங்கள் விருந்துக்காக விடியவிடியப் பொரித்த பவுர்சாக் உருண்டை மூட்டையைப் பிரித்துவிட்டாள். இரண்டாவது கபர்ஸ்தானிலும் இதே கதை, மூன்றாவதிலும் இதே கதை. துர்கிஸ்தான் தாண்டி நாலாவது முறை நின்றபோது மூட்டையில் மாவுத்தூள்தான் மிச்சம். நல்லவேளை, அங்கே யாரும் ஓத நிற்கவில்லை. கன்ஷாயிமும் வாயைத் திறக்கவில்லை.

இப்படி வந்து சேர்ந்த மனுஷனைப் பார்த்துச் சம்பந்தியம்மா, "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா புள்ளையே நடந்து வந்து கதவைத் திறந்திருப்பான்" என்றது நியாயமா? ஸன்ஜார் எனக்கு ஒரே பேரன். என் வேகம் கொஞ்சமாவது அவன் காலில் இறங்க வேண்டும் என்று ரொம்ப ஆசை, சம்பந்தி. வருகிற ஞாயிறு பழைய வண்டியில் வருகிறேன். மூன்றரை மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிஷம் ஆகாது. கத்தரிக்கோலை மட்டும் எனக்கு வைத்திருங்கள்.

உங்கள் அடுப்பும் விருந்தாளியும் ஓயாமல் இருக்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு ஸலாம், மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசி, ஸன்ஜாரின் இரண்டு காலுக்கும் தனித்தனியே முத்தம்.

தங்கள் அன்புள்ள,
ஒராஸ்கலி

பி.கு. பஸ் கிளம்ப இன்னும் அரை மணி இருக்கிறது. ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். நாலாவது இடத்தில் கபர்ஸ்தான் கிடையாது. இந்தப் பக்கம் முலாம்பழத் தோட்டம், அந்தப் பக்கமும் முலாம்பழத் தோட்டம். நான் ஓதவில்லை. கண்ணைத் திறந்தபோது வண்டி நின்றிருந்தது. பாலத்துத் தூண் பத்தடி தள்ளி இருந்தது. பழைய வண்டியில் வந்திருந்தால் அந்த முலாம்பழ லாரிக்காரர் நிஜமாகவே ஓத வேண்டி வந்திருக்கும். கத்தரிக்கோலை நுக்மானிடமே கொடுங்கள். பையன் மெதுவாகவே நடக்கட்டும், வீட்டுக்குத் திரும்பி வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை புது வண்டியில்தான் வருகிறேன், விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகிறேன். கன்ஷாயிமிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவளும் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போது விழித்திருந்தது மாப்பிள்ளையின் வண்டி மட்டும்தான்.