குளவிக்கூட்டை இடிச்ச புங்க இலை

ஒரு காட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு. கரண்ட் எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கப்படாது. நரி பேசினப்போ கேக்காதவங்க இதுக்கு மட்டும் ஏன் கேக்கணும்?

அந்த மெஷினோட ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு மிருகம் பொறுப்பு. டிரைவர்னு பேரு, ஓட்டறதுக்கு வண்டி கிடையாது. ஃபைல் வைக்கிற டிஸ்க்குக்கு யானை மாணிக்கவேலு. நெட்டுக்குக் குரங்கு சடையாண்டி. மௌஸுக்கு மூஞ்சூறு பொன்னுரங்கம். முதல்ல எலியைத்தான் கூப்பிட்டாங்க. பெருச்சாளி சங்கத்துல கேட்டுச் சொல்றேன்னு போனது, போனதுதான்.

பொன்னுரங்கம் தற்காலிகம். வர்ற வெள்ளிக்கிழமையோட ஆறு மாசம் முடியுது. கெட்ட பேர் இல்லாம அதைத் தாண்டிட்டா நிரந்தரம். இல்லேன்னா பழையபடி முள்ளுப் புதர்ல பூச்சி பொறுக்கணும். வீட்ல குட்டி ஏழு.

டிரைவருங்க எல்லாருக்கும் சேத்து ஒரே ஒரு பாறை இடுக்கு. பன்னிரண்டு சாண் உயரம். ஸ்டாக்குன்னு பேரு. வேலை நடக்கும்போது கையில இருக்கிறதை அங்க வச்சுக்கலாம். அடுத்தவனைக் கூப்பிட்டா, அவன் தன்னோடதை உன்னோடது மேல வைப்பான். மேல இருக்கிறவன் எடுத்தப்புறம்தான் கீழ இருக்கிறவன் எடுக்க முடியும். பன்னிரண்டு சாண் முடியற இடத்துல, வேணும்னே, ஒரு குளவிக்கூடு. எவனும் எல்லை தாண்டக்கூடாதுன்னு மேனேஜர் ஆமை செஞ்ச ஏற்பாடு.

பெரிய சாமானுக்குத் தனியா கிடங்கு உண்டு. போனா ஃபாரம் நிரப்பணும், வரிசையில நிக்கணும், ரெண்டு கையெழுத்து வாங்கணும். அதுக்கப்புறமும் கிடங்குக் கரடி "இடம் இல்லப்பா"ன்னு சொன்னாலும் சொல்லும். அதனால அந்தப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பாக்கறதில்ல.

பொன்னுரங்கத்துக்கு அந்தக் கவலையே இல்ல. அதோட சாமான் ஒரு புங்க இலை. அம்புக்குறி எங்க நிக்குதுன்னு நகத்தால கீறி வைக்கும், வேலை முடிஞ்சதும் எடுத்துடும். ஆறு மாசமா அப்படித்தான்.

வியாழக்கிழமை சிங்கம் வந்து உக்காந்துச்சு. வேட்டை லைசென்ஸ் புதுப்பிக்கணும், வெள்ளி சாயங்காலம் அஞ்சு மணிதான் கடைசி. ஃபாரத்தை நிரப்பி, என்டரை ஒரு குத்து குத்துச்சு.

யானை போன வருஷ ஃபைலைத் தேடப் போச்சு. ஒரு தாள் போதும். ஆனா மாணிக்கவேலு மொத்தக் கட்டையும் தூக்கிட்டு வந்து இடுக்குல போட்டுச்சு. ஏழு சாண்.

"டேய் சடையாண்டி, இதை அனுப்பு!"

குரங்குக்கு ஒரு பழக்கம். கிளை பிரியற இடத்துலெல்லாம் "அடுத்த கிளைக்கும் நானே போறேன்"னு தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கும். ஒரு உத்தரவுக்கு ஒரு கொட்டாங்குச்சி, திரும்பி வர வழி மறக்காம இருக்க. அன்னைக்குக் கிளை ஜாஸ்தி. கொட்டாங்குச்சி மேல கொட்டாங்குச்சியா அஞ்சு சாண் ஏறிடுச்சு. கூட்டுக்கும் குவியலுக்கும் நடுவுல ஒரு கொசு படுக்கலாம், புரள முடியாது.

சிங்கத்துக்குப் பொறுமை எங்க? "என்னடா, சுத்திக்கிட்டே இருக்கு!"ன்னு மௌஸைப் பிடிச்சு இழுத்துச்சு.

மௌஸ் அசைஞ்சா மூஞ்சூறு உடனே ஓடி வரணும். யாரு நடுவுல இருந்தாலும் சரி, கேள்வி கிடையாது. ஓடி வந்துச்சு, ஏறுச்சு, இலையை வச்சுச்சு.

அப்புறம் குளவிதான். யானை ஏரிக்குள்ள. குரங்கு எந்த மரத்துல இருக்குன்னு மரத்துக்கே தெரியல. ஸ்கிரீன் முழுக்க நீலம், மெஷின் படுத்துடுச்சு. சிங்கத்துக்கு மூக்குல மூணு கொட்டு.

சாயங்காலம் விசாரணை. ஆமை கழுத்தை நீட்டிக் குவியலோட உச்சியைப் பாத்துச்சு.

"மேல இருக்கிற இலை யாரோடது?"

"என்னோடதுதாங்கய்யா. ஆனா அதுக்குக் கீழ..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. கூட்டைத் தொட்டது உன் சாமானா, இல்லையா?"

"தொட்டுச்சுங்க. ஒரே ஒரு இலைங்கய்யா! அண்ணனோட கட்டையைக் கொஞ்சம் பாருங்க."

மாணிக்கவேலுக்குக் கோவம் வந்துடுச்சு. "தம்பி, நான் தனியா வச்சுக் காட்டி சர்டிபிகேட் வாங்கியிருக்கேன். ஏழு சாண், இடிக்கல. நீ வர்றதுக்கு முன்னாடி எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

"எனக்கும் சர்டிபிகேட் இருக்கு"ன்னுச்சு சடையாண்டி, வீங்கின வாயோட.

"சேத்து வச்சுப் பாத்தீங்களாண்ணே?"

"சேத்து வைக்கிறதுக்கு ஃபாரமே கிடையாதேப்பா"ன்னு ஆமை தீர்ப்பை எழுதுச்சு. "ரிப்போர்ட்ல உச்சியில இருக்கிற பேரைத்தான் எழுதணும். விதி. நாளைக்கும் உன் பேர் வந்துச்சுன்னா மூட்டையைக் கட்டிக்க."

பொன்னுரங்கம் வீட்டுக்கு வந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. பாதியாக் கிழிக்கலாமா? காம்பைக் கிள்ளிடலாமா? பொண்டாட்டி செண்பகம் பக்கத்துல வந்து உக்காந்தா.

"ஏங்க, அந்த ஆமை கீழ குனிஞ்சு பாத்துச்சா?"

"அதுக்குக் குனிஞ்சு பழக்கமில்ல."

"அப்புறம் எதுக்கு இலையைப் போட்டு நோண்டறீங்க?"

வெள்ளிக்கிழமை சிங்கம் என்டர் பட்டனை நம்பல. நேரா மௌஸைத்தான் பிடிச்சுச்சு. இடுக்கு காலி. பொன்னுரங்கமும் செண்பகமும் ஏழு குட்டியும் சேந்து மூச்சு வாங்க ஒரு பனந்துண்டை உருட்டிட்டு வந்து உள்ள நட்டாங்க. ஆறு சாண். அது மேல பொன்னுரங்கம் அம்புக்குறியோட இடத்தை நகத்தால அழகாக் கீறிட்டு, பணிவாக் கூப்பிட்டுச்சு.

"அண்ணே, மகராஜா அமுக்கிட்டாரு. உங்க ஃபைல் வேணுமாம்."

மாணிக்கவேலு வழக்கம்போல மொத்தக் கட்டையோட வந்துச்சு. கீழ என்ன இருக்குன்னு பாக்கல. ஏழு சாண் சாமானை ஆறு சாண் இடத்துல தும்பிக்கையால அமுக்கித் திணிச்சுச்சு.

இந்தத் தடவை குளவிங்க கூட்டோட வந்துச்சு.

விசாரணை ரெண்டே நிமிஷம். உச்சியில யானை பேர். மாணிக்கவேலு சஸ்பெண்டு. தும்பிக்கை வாழைத்தார் சைஸுக்கு வீங்கிப் போனதால ஆட்சேபணை எதுவும் தெளிவாக் காதுல விழல. அஞ்சு மணி தாண்டிடுச்சு, சிங்கத்தோட லைசென்ஸ் காலாவதி. மான்கள் வெள்ளரிக்காய் கொண்டுவந்து கொடுத்து ஆறுதல் சொல்லிட்டுப் போச்சுங்க. ஆறே கால் மணிக்கு ஆமை, "அனாவசியமா உச்சிக்கு வராத ஆளு"ன்னு குறிப்பெழுதி, பொன்னுரங்கம் கையில நிரந்தர உத்தரவைக் கொடுத்துச்சு.

திங்கக்கிழமை விடியறப்போ பாறை இடுக்கு முன்னாடி நீள வரிசை. எல்லார் தலையிலயும் ஆளுக்கொரு ஆட்டுக்கல்.

நீதி: கொஞ்சமா வைக்கிறவன் நல்லவன், முதல்ல வைக்கிறவன் நிரந்தரம்.