கோல் விழுந்த பிறகு முளைக்கும் மாமன்கள்

மாமன்களில் இரண்டு இனம் உண்டு. பிறப்பால் மாமன் ஆனவர்கள் ஒன்று. ஸ்கோரைப் பார்த்துவிட்டு மாமன் ஆகிறவர்கள் இன்னொன்று. கோபிசெட்டிபாளையம் அங்கப்பன் இரண்டிலும் சேர்வார். அதுதான் அவருடைய பெருமை.

அவருடைய தங்கை மோகனப்பிரியா, திருப்பூருக்குப் பனியன் கொள்முதலுக்கு வந்த கானா நாட்டுக்காரரைக் கட்டிக்கொண்ட அன்றே, "எனக்குத் தங்கச்சியே கெடையாதுங்க" என்று ஊரறியச் சொல்லிவிட்டார். பெரிய மனிதர், சொன்ன சொல் மாறவில்லை. தங்கை மகன் ஜேக், கோயமுத்தூரில் கணபதி ஏரியாவின் லேத் பட்டறைச் சந்துகளில் பந்து உதைத்து, வளர்ந்து, மைதானத்தின் வலது ஓரத்தில் பறக்கும் தொழில்முறை விங்கராக ஆகும்வரை மாறவேயில்லை.

அதற்குப் பிறகுதான் மாறத் தொடங்கியது. சென்னை கிளப்பில் மாற்று ஆட்டக்காரனாகப் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஜேக், அங்கப்பன் வாயில் 'யாரோ ஆப்பிரிக்காக்காரப் பையன்'. பெஞ்சிலிருந்து எழுந்து ஓடி அவன் கொடுத்த பந்தில் ஒரு கோல் விழுந்ததும், 'கோயமுத்தூர்ப் பையன்'. கொல்கத்தா கிளப் அவனை எடுத்துக்கொண்டதும், 'நம்ம கோபிப் பக்கம்'. அரையிறுதியில் பெனால்டியை வானத்துக்கு அடித்ததும் மறுபடி ஆப்பிரிக்கா. முழங்கால் ஜவ்வு கிழிந்து படுத்துக்கிடந்த வருஷம் அவனுக்கு எந்தக் கண்டமும் இல்லை. குணமாகி, இந்திய அணியின் முகாமுக்குத் தேர்வான செய்தி டிவியில் ஓடிய அன்று காலை, டீக்கடை பெஞ்சில் அங்கப்பன் நெஞ்சை நிமிர்த்தினார்: "என்ற தங்கச்சி மகனுங்க!"

எப்பேர்ப்பட்ட வம்ச ஆராய்ச்சி! அவன் ஓட்டம் தாய்வழி. அவன் தவறவிட்ட பெனால்டி தகப்பன்வழி. "அந்த வேகம் எங்க ரத்தமுங்க" என்று சொன்ன அங்கப்பன், தோட்டத்து மோட்டார் ரூமுக்கு நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவர்.

ஆனால் டீக்கடையில் சீனிவாசலு என்று ஒரு வாய்த்துடுக்குக்காரர் இருந்தார். "ஏனுங்க, மாமன்கிறீங்க. பையனுக்குக் காது குத்தறப்ப உங்க மடிலயா உக்கார வச்சீங்க?"

கடையே சிரித்தது. தாய்மாமன் மடியில் உட்காராத காது நம் பக்கத்தில் காதாகுமா? அந்த மடி இல்லாதவர் மாமன்தான் ஆவாரா? அங்கப்பனுக்கு டீ கசந்தது. இனி ஊருக்குள் அவர் மாமனா, வெறும் வாய்ச்சொல்லா என்பது ஒரு காதில் தொங்கியது.

தங்கைக்குப் போன் போட்டார். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக. "அம்மணி, விட்டுப்போனதைச் செஞ்சுபோடலாம். மாப்ளைக்குக் காது குத்தோணும்."

"வாரோமுங்கண்ணா" என்றாள் மோகனப்பிரியா, உடனே. இவ்வளவு சுலபமாக ஒரு தங்கை சம்மதித்தால் சந்தேகப்பட வேண்டாமா? அங்கப்பன் பட்டுவேட்டி எடுக்கப் போய்விட்டார்.

மண்டபம். வாசலில் ஃபிளெக்ஸ், அதில் ஜேக்கைவிட மாமன் பெரிது. மேடையில் அந்த ஆறடி விங்கர் அடக்கமாக வந்து மாமன் மடியில் உட்கார, நாற்காலி முனகியது, மாமனும் முனகினார். ஆனாலும் முகம் கேமராவை விட்டு விலகவில்லை. ஆசாரி கோவிந்தராஜுலு ஊசியோடு குனிந்தார். நிமிர்ந்தார்.

"ஏனுங்க, ஓட்டை ஏற்கெனவே இருக்குதுங்களே?"

மாமன் பேசுவதற்கென்று வைத்த மைக் அதை ஊருக்கே சொன்னது.

"ஆமாங்க மாமா, ஒரு வயசுலயே குத்தியாச்சுங்க" என்றான் ஜேக். "நீங்க வரமாட்டேன்னுட்டீங்களாம். எங்களுக்கு மாடி வீட்டை வாடகைக்குக் குடுத்த கீழ்ப்பட்டறை ஆசிப் மாமா மடில வச்சுத்தான் குத்துனாங்களாம்."

அங்கப்பன் சளைத்தாரா? "அதனால என்ன! மேல எடம் கெடக்குது பாருங்க ஆசாரி. அங்க ஒண்ணு போடுங்க!"

"சனிக்கெழமை மேட்சுங்க மாமா. புதுப்புண்ணோட எறங்க உடமாட்டாங்க." ஜேக் எழுந்தான். மாமனுக்கென்று தட்டில் வைத்திருந்த மாலையை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்தான். அங்கே மோகனப்பிரியாவுக்குப் பக்கத்தில், லேத் மசகு போகாத விரல்களோடு ஆசிப் உட்கார்ந்திருந்தார். "எனக்கெதுக்கு கண்ணு, அவருக்குப் போடு" என்று அவர் பின்வாங்குவதற்குள் மாலை விழுந்துவிட்டது. மண்டபம் கை தட்டியது. சீனிவாசலு விசிலே அடித்தார்.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் பின்வாசல் வழியாகப் போயிருப்பான். நம் இனம் அப்படியா? கைதட்டல் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் சொந்தம் முளைக்கும். அங்கப்பன் மைக்கைப் பிடித்தார்:

"ஆசிப்பு யாருங்க? நம்ம பையனுங்க! எனக்குத் தம்பி மாதிரி!"

அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

அங்கப்பனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள், நல்லது. படிக்கிறபோதே ஜேக்கை 'நம்ம பையன்' என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டிருப்பீர்கள், அதுவும் நல்லது. உங்கள் மாடி வீடு காலியாக இருக்கிறதாமே? இன்னும் ஒரு கோல்கூடப் போடாத ஒரு ஜேக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு, கானாக்காரக் கணவனோடு ஒரு பெண் வந்து காலிங்பெல்லை அழுத்தினால், கதவை எவ்வளவு திறப்பீர்கள்?