கெண்டை வீட்டின் எடைப் பரிசோதனை

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. சைவக் கரடி. தேன், இலுப்பைப் பூ, பழம் தவிர வேறெதையும் தொடாது. கறையான் தின்னும், ஆனால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே கோடையில் குட்டை வற்றிச் சேறானபோது, அதில் கிடந்து துடித்த கெண்டைமீன் நம்பிக் கூப்பிட்டது கரடியைத்தான்.

"அண்ணே, உங்க வீட்ல ஒரு ஓரமா இருந்துக்கறேன்."

கரடி அதை ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு எடுத்து வந்தது. குகைக்குள் சின்னதாக ஓர் ஊற்று கசிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில், சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போன பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது.

"அதுல தண்ணிய நிரப்பி என்னை விட்டுடுங்க, போதும்," என்றது கெண்டை. "சினையா இருக்கேன். வாளியில திரும்பிப் படுக்கவே இடமில்ல, முட்டைய எங்க விடுறது?"

கரடி பதறிப்போனது. "தொட்டியத் தரையிலயா வைப்பாங்க? நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க? அடியில ஸ்டாண்டு வேணும். மேல கூரை வேணும். கூரைக்குள்ள லைட்டு வேணும். கடையில விக்கிறதெல்லாம் அட்டை. நானே செய்றேன், பாரு."

"எப்ப முடியும்ண்ணே?"

"முடிஞ்ச மாதிரிதான்," என்றது கரடி. இன்னும் மரமே கிடைத்திருக்கவில்லை.

காற்றில் சாய்ந்த வேங்கை மரம் ஒன்று கிடைத்தது. மேற்பார்வைக்குக் குரங்கு வந்தது. குரங்கிடம் செல்போன் இருந்தது. உலகத்தில் உள்ள மரவேலை வீடியோக்களையெல்லாம் பார்த்திருந்தது. ஓர் ஆணிகூட அடித்ததில்லை. குகை வாசலிலேயே கரடி அறுத்தது, இழைத்தது, துளைபோட்டு ஆணி அடித்துப் பூட்டியது. ஒரு கால் நீளம் என்று அதைச் சீவியது. பிறகு மற்ற மூன்றும் நீளமாகத் தெரிந்தன. நாலு மூலையிலும் தூண் நிறுத்தி, தன் பருத்த கை தாராளமாக உள்ளே போய் இரை போட வசதியாக, கூரையை நல்ல உயரத்தில் ஏற்றியது. ஓரமெல்லாம் பூவேலை. கூரையின் உட்புறம் சோலார் விளக்கு.

"அண்ணே, வெயில்ல வாளித் தண்ணி சுடுது," என்றது கெண்டை.

"பாலீஷ் காயட்டும்மா."

பாலீஷ் காய்ந்தது. அப்போது குரங்கு ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது. "தண்ணி என்ன கனம் தெரியுமாண்ணே? இந்தத் தொட்டி நிறைஞ்சா ஒரு எருமை கனம் இருக்கும். ஸ்டாண்டு முறிஞ்சா கண்ணாடியும் போச்சு, கெண்டையும் போச்சு. எதுக்கும் முதல்ல ஒரு எருமையையே உட்கார வெச்சுப் பாத்துடுவோம்."

"முறிஞ்சு எருமைக்கு ஏதாவது ஆயிட்டா?"

"எருமைக்கு எதுவுமே ஆகாதுண்ணே."

காட்டெருமையை அழைத்து வந்தார்கள். "மாமா, சும்மா உட்காந்துட்டு எந்திரிச்சாப் போதும்," என்றது கரடி.

"உட்கார்றேன்," என்றது எருமை.

ஏறி உட்கார்ந்தது. ஸ்டாண்டு முனகக்கூட இல்லை. கரடி ஆசையாக விளக்கைப் போட்டது. வெளிச்சம் கொம்பில் இறங்கியது.

அந்த வழியாகப் போன ஒரு மான் நின்றது. மேடை, மேலே பூவேலைக் கூரை, விளக்கு, நடுவில் கனமாக ஒருவர். அந்தக் காட்டில் அதற்குமேல் யாரும் விசாரிக்கிற வழக்கமில்லை. வெறுங்கையோடு பெரியவர்களைப் பார்க்கிற வழக்கமும் இல்லை. மான் ஓடிப்போய் ஓர் எலுமிச்சம்பழத்தோடு வந்து குனிந்தது.

"ஐயா, எங்க பக்கம் புல்லே முளைக்கலைங்க."

எருமை அசைபோட்டு முடித்தது. "பார்க்கலாம்."

மானுக்குக் கண் கலங்கியது. 'ஐயா முடியாதுன்னு சொல்லவே இல்ல' என்ற செய்தி காடெங்கும் பரவியது. பொழுது உச்சிக்கு வருவதற்குள் குகை வாசலில் வரிசை வளைந்து நின்றது.

"மாமா, சோதனை முடிஞ்சுது. எந்திரிங்க," என்றது கரடி.

"வெளிய நிக்கிறாங்களே. பாவம், நம்பி வந்தவங்க."

கரடி வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடி வந்தபோது குரங்கு குறுக்கே கை நீட்டியது. "டோக்கன்?"

"டேய், இது என் வீடுடா!"

"அதனாலதாண்ணே கேக்கறேன். வெளியூர்க்காரங்கன்னா நாளைக்கு வரச் சொல்லியிருப்பேன். அந்த முள்ளம்பன்றிக்குப் பின்னால நில்லுங்க. பழம் இருக்கா?"

முறை வந்ததும் கெண்டை வாளியின் விளிம்புவரை எம்பிப் பேசியது. "ஐயா, இது என் தொட்டி வைக்கிற இடம். இன்னைக்கோ நாளைக்கோ முட்டை விட்டாகணும். தண்ணி கொதிக்குது. கொஞ்சம் எறங்குங்க."

எருமை கருணையோடு பார்த்தது. "பார்க்கலாம்."

கூட்டம் கைதட்டியது. "வயித்துப் பிள்ளைக்காரின்னதும் ஐயா குரல் எப்படிக் கம்முச்சு பாத்தியா?" என்றது முள்ளம்பன்றி.

இனி ஸ்டாண்டு முறிந்தால்தான் வழி. கரடி கீழே குனிந்து அதன் ஒரு காலைப் பிடித்து உலுக்கியது. அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டியது. கரடிக்குக் கண்ணீர் வந்தது. அதில் பாதி பெருமை.

"பாத்தியா கெண்டை? ஒரு கிரீச் இல்ல. இன்னும் ரெண்டு எருமை தாங்கும்."

மேலே ஒரு காது திரும்பியது. "அப்படியா?" என்றது எருமை. சாயங்காலம் அதன் மச்சான் வலப்பக்கமும், மச்சானின் மகன் இடப்பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

வாளிக்குள் கெண்டை புரண்டது. "அண்ணே, தரை."

"தரையிலயா? நாலு பேர்..."

"அண்ணே!"

கரடி சுற்றிலும் பார்த்தது. நாலு பேரும் எருமையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்டுக்குப் பின்னால், இருட்டில், ஒரு கோணிச் சாக்கை விரித்துத் தொட்டியை வைத்தது. ஊற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றியது. கொஞ்சம் பாசியும் போட்டது. கெண்டை உள்ளே இறங்கி ஒரு முழு வட்டம் அடித்தது. பிறகு பாசிமேல் முட்டைகளை விட்டது. பொடிப்பொடியாய், கண்ணாடி மணிகள் போல.

"இதை முதல் நாளே செஞ்சிருக்கலாமேண்ணே?"

கரடி முகம் சுளித்தது. "பாக்க நல்லாவா இருக்கு?"

"இங்கேருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு," என்றது கெண்டை தண்ணீருக்குள்ளிருந்து.

அப்போது குரங்கு பின்பக்கமாக ஓடி வந்தது. "அண்ணே, உங்க கைவேலை ஐயாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பக்கத்துக் காட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணுமாம்."

கரடியின் முகம் மலர்ந்தது. ரம்பத்தைத் தேடி எடுத்தது. "எத்தனை எருமை தாங்கணும்?"

நீதி: வேலை தெரியாதவன் செய்ததில் உட்கார்ந்தவர் விழுவார், வேலை தெரிந்தவன் செய்ததில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே மாட்டார். ஆகவே குழந்தைகளே, ஆணியைக் கொஞ்சம் தளர்வாகவே அடியுங்கள்.