ஒரு பட்டனை அமுக்கினால் அவள் வரவேண்டும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். நீங்களும் என் தங்கையும் நலமாக இருப்பதாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். படித்து முடித்தபிறகு உங்கள் நலம் எப்படி இருக்குமோ, அதற்கு நான் பொறுப்பில்லை.

போன வருடம் என் மனைவி தலைமை நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது ஆஸ்பத்திரி ஹாலில் நடந்த கூட்டத்தை நான் படம்பிடித்து டிவிடியாகப் போட்டேன் அல்லவா, அதில் பெரிய டாக்டர், சின்ன டாக்டர், கணக்குப் பிரிவு, ஆம்புலன்ஸ் டிரைவர் என்று அத்தனை பேரும் பேசித் தீர்த்தபிறகுதான் இவள் பேச்சு வரும். வீட்டுக்கு யார் வந்தாலும் டிஸ்க்கைப் போடச் சொல்வாள், நான் ரிமோட்டை அமுக்கி வேகமாக ஓட்டுவேன், பெரிய டாக்டர் மைக்கைக் கடிப்பதுபோல் வந்து கடித்துவிட்டு ஓடுவார், இவள் மேடையேறுவதற்குள் விருந்தாளி காபியை முடித்துச் செருப்பைத் தேட ஆரம்பித்திருப்பார். "சினிமா டிவிடியில எல்லாம் மெனு வருதில்ல? ஒரு பட்டனை அமுக்கினா நான் வரணும். அவ்வளவுதான் கேக்கறேன்" என்றாள்.

அவ்வளவுதானே என்று நானும் ஒரு சாஃப்ட்வேரை இறக்கினேன். அது மெனு போடுகிறேன் பேர்வழி என்று வீடியோ முழுவதையும் புதிதாக மாற்றிச் செய்ததில் அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோயிற்று. "இதென்ன, குறுக்கெழுத்துப் போட்டியா? எந்தக் கட்டத்துல என்ன எழுதணும்?" என்று கேட்டாள். பிறகு இணையத்தில் தேடியதில் ஒரு புண்ணியவான் விளக்கியிருந்தார்: வீடியோவைத் தொடவே கூடாது, டிஸ்க்கில் இருப்பதை அப்படியே உருவி எடுத்து, மெனுவை மட்டும் தனியாகச் செய்து முன்னால் சேர்த்து, எந்தப் பட்டனுக்கு எந்த நிமிடம் என்று சொல்லிவிட்டால் போதும். அப்படியே செய்தேன். படமும் குரலும் கண்ணாடிபோல இருந்தன. நிமிடக் கணக்கில் மட்டும் ஓர் எண்ணை மாற்றி அடித்துவிட்டேன்.

பழைய நர்ஸுகள் எல்லாரையும் வரவழைத்து, பெரிய டாக்டரை நடுச் சோபாவில் உட்காரவைத்து, அவள் தன் கையாலேயே பட்டனை அமுக்கினாள். அது பேச்சின் தொடக்கத்துக்குப் போகாமல் நட்டநடுவுக்குப் போய்விட்டது. இதுவரை யாரும் அந்த இடம்வரை பார்த்ததில்லை. திரையில் அவள் தண்ணீர் குடிக்கிறாள், ஹாலே நிசப்தம், கேமராவுக்குப் பக்கத்திலிருந்து உங்கள் குரல்: "மச்சான், அக்கா முடிக்கறதுக்குள்ள நமக்கும் ரிட்டயர்மெண்ட் வந்துடும்போல இருக்கே!"

பதறிப்போய் மெனுவுக்குத் திரும்பினேன். அங்கே அதே பட்டன்தான் மின்னிக்கொண்டு நின்றது. நிறுத்துவதாக நினைத்து நான் அதையே மறுபடி அமுக்க, மறுபடியும் ரிட்டயர்மெண்ட். இன்னொருமுறை அமுக்கினேன். பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஆனால் துடைத்தது கண்ணை.

நேற்றுவரை உங்களைத் "தம்பி" என்றவள் இன்று "உங்க தங்கச்சி வீட்டுக்காரர்" என்கிறாள். "நான் முப்பது வருஷம் ஊசி போட்டவ. எங்க குத்தினா எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும்" என்றும் சொன்னாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். குரல் உங்களுடையதில்லை என்று மட்டும் சாதிக்காதீர்கள். ஒலி அவ்வளவு சுத்தம்.

தங்கைக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், உங்களுக்கு வாயடக்கம் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். கவரை ஒட்டும் நேரத்தில் பெரிய டாக்டர் போன் செய்தார். இவ்வளவு சிரித்து வருடக்கணக்கு ஆகிறதாம், தனக்கொரு டிஸ்க் வேண்டுமாம். அவரைத் தொடர்ந்து நர்ஸுகள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். உங்கள் அக்காவின் கோபம் போன இடம் தெரியவில்லை. தண்ணீர் குடிக்கும் அந்த இடத்துக்கென்றே தனிப் பட்டன் வைத்து, உங்கள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும், உங்கள் ஆபீஸ் மேனேஜருக்கும் அனுப்பச் சொல்கிறாள். எத்தனை பிரதி எடுத்தாலும் உங்கள் குரல் துளிகூடத் தேயாது, அதற்கு நான் உத்தரவாதம். பட்டன்மேல் போடுவதற்கு, சிரித்த முகமாக உங்கள் போட்டோ ஒன்று உடனே அனுப்பவும்.